எழுதிக் கேட்க வெட்கமா?

அன்புள்ள ஐயா,
கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள ‘சீராக்கின் ஞானம்’ நூலைப் படித்தேன். மானம், வெட்கம் என்றே பேசுகிறது. மகளைப் பெற்ற அப்பனுக்குத் தூக்கமே கிடையாது என்கிறது. ஊர்ப் பேச்சுக்குப் பயப்படச் சொல்வதெல்லாம் ஞானமா?
— ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

மகள்களைப் பற்றி அந்த நூலின் ஆசிரியர் பென் சீரா எழுதியதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது தப்பு. ஆனால் அதற்குச் சற்று முன்னால் இருக்கும் வசனங்களை நீ ஓடிக் கடந்திருக்கிறாய். கோபம் வந்தால் நிதானமாகப் படிக்கக் கூடாதா, அம்மா?

அவர் கி.மு. 180 வாக்கில் எருசலேமில் இளைஞர்களுக்குப் பாடம் சொன்னவர். பாவத்தில் தள்ளும் வெட்கமும் உண்டு, பெருமை தரும் வெட்கமும் உண்டு என்று 4ஆம் அதிகாரத்திலேயே பிரித்துவிடுகிறார். 41, 42இல் பட்டியலே போடுகிறார். எபிரேயக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் இதற்கு ‘வெட்கம் பற்றிய போதனை’ என்று தலைப்பே இருக்கிறது. பந்தியில் ரொட்டிமேல் முழங்கையை ஊன்றுவது, வணக்கம் சொன்னவனுக்குப் பதில் சொல்லாமல் போவது, கொடுத்துவிட்டுக் குத்திக்காட்டுவது: இவற்றுக்கு வெட்கப்படு. தராசையும் எடைக்கல்லையும் சரிபார்க்க வெட்கப்படாதே. எண்ணிக் கொடு, நிறுத்துக் கொடு, கொடுத்ததையும் வாங்கியதையும் எழுதி வை. ஊருக்குப் பயந்தவன் இதைச் சொல்வானா?

இந்த ‘எழுதி வை’யை என்னால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. என் அப்பா அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. முதலாளியின் பேரேட்டில் காலணா பிசகாது. ஆனால் பங்காளி ஒருவர் அவசரம் என்று வந்து நின்றபோது, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கொடுத்தார், ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல். அம்மா கேட்டதற்கு, “சொந்தக்காரன்கிட்ட எழுதி வாங்குறதா? அசிங்கம்” என்றார். அந்த மனிதர் ஒரு வருஷம் கழித்து, வாங்கவே இல்லை என்று சொல்லிவிட்டார். சங்கிலி மூழ்கிப் போனது.

நல்ல வெட்கம், கெட்ட வெட்கம் என்று அந்தக் கிழவர் ஏன் பிரித்தார் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. எழுதிக் கேட்க வெட்கப்பட்டது அப்பா. வாங்கியவனுக்கு வெட்கமே இல்லை. அப்புறம் அத்தை மகள் கல்யாணம் வந்தது. அம்மா வெறும் மஞ்சள் கயிற்றோடு, சேலையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு போனாள். பங்காளி முதல் பந்தியில் உட்கார்ந்து, இலையில் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கினார்.

அப்பா அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை.