பாட்டில் பதில் சொல்வது யார்?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் ஒருவரை விரும்புகிறேன். தினமும் காதல் பாட்டு அனுப்புவார். நான் பதில் எழுதத் தாமதித்தால் செத்துவிடுவதாகச் சொல்கிறார். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சிக்னல் கிடைப்பதில்லை என்றால் நம்பாமல், போனின் கடவுச்சொல்லைக் கேட்கிறார். பாட்டுகளில் வருவதுபோல் என்னால் உருக முடியவில்லை. என் அன்புதான் குறைவானதா?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: இல்லை, தங்கச்சி. உங்கள் அன்பை அளக்க எடுத்துக்கொண்ட கோல்தான் பிழையானது.

சினிமாக் காதல் பாடல்கள் பலவற்றில் ஒருவர் மட்டுமே பேசுகிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் பெண்ணைத் தொடரும் நாயகன், இரண்டாம் சரணத்துக்குள் அவளுடைய புன்னகையைப் பெற்றுவிடுவதைச் சிறுவயது முதல் பார்த்துப் பழகியதால், மறுப்பு என்பது சம்மதத்துக்கு முந்திய படி என்றும், சந்தேகப்படுவது ஆசையின் மிகுதி என்றும் நாம் எண்ணத் தொடங்கிவிடுகிறோம். நான்கைந்து நிமிடங்களில் முடியவேண்டிய பாடல் உணர்ச்சியின் உச்சத்தைத்தான் பிடிக்கும். சம்பளம் போதாத மாதத்தையும், காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி வைப்பதையும் அது பாடாது. அதில் தவறில்லை. அந்த உச்சத்தை ஒருவர் தினமும், அதுவும் மற்றவரிடமிருந்து, கேட்கும்போதுதான் தொல்லை.

நம் பழைய இலக்கணம் இந்த விடயத்தில் கவனமாகவே இருந்திருக்கிறது. தொல்காப்பியம் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், அளவு மீறியதையும் வலிந்து கொள்வதையும் பெருந்திணை என்றும் பிரித்து, இருவர் மனமும் ஒத்த அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது. காதலியைத் தரும்படி, பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊரறிய நிற்பேன் என்று தலைவன் சொல்வதைப் பொறுத்துக்கொண்டு, உண்மையிலேயே ஏறிவிடுவதைப் பெருந்திணையில் சேர்த்தது. உங்கள் போனுக்கு வரும் மிரட்டலை எந்தத் திணையில் வைப்பது என்பதை உங்களிடமே விடுகிறேன்.

மாசியில் நம் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தையும் நினைத்துப் பாருங்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனைப் போகவேண்டாம் என்று ரதி தடுத்து வாதாடுகிறாள். அவன் கேளாமல் போய் எரிந்துபோகிறான். முடிவு துயரமானதுதான். ஆனாலும் மறுத்துப் பேசுவதற்கு அங்கே பெண்ணுக்கு இடம் இருப்பதால், உருகி வழியும் பல சினிமாப் பாடல்களைவிட அதை நான் மேலாக மதிக்கிறேன்.

கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம். பேசக்கூடிய நேரத்தை நீங்களே குறித்துச் சொல்லுங்கள். அதை அவர் எப்படி ஏற்கிறார் என்பது அவர் அனுப்பும் பாட்டுகளைவிட அதிகம் சொல்லும். சாவதாக அவர் சொல்வதை நடிப்பென்று தள்ளிவிடாதீர்கள். அதற்காகப் பணியவும் வேண்டாம். அவருடைய வீட்டாருக்கோ உடன் தங்கியிருக்கும் நண்பருக்கோ உடனே தெரியப்படுத்துங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அவர் அழைக்கலாம். மிரட்டல் உங்கள் பக்கம் திரும்பினால், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

கேள்வி: பதினைந்து வயது மகள் எந்நேரமும் காதல் பாட்டே கேட்கிறாள். தடுத்துவிடலாமா?
– ஒரு தந்தை, பண்டாரவளை

பதில்: தடுத்தால் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்பாள், அவ்வளவுதான். இலங்கை வானொலியில் விருப்பமான பாட்டுக்காகக் காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவர்தானே நீங்களும்? ஒருநாள் பக்கத்தில் அமர்ந்து சேர்ந்து கேளுங்கள். இசை நன்றாயிருந்தால் நன்றாயிருக்கிறது என்றே சொல்லுங்கள். பிறகு, அந்தப் பாட்டில் வரும் பெண்ணுக்கு வாய் இருந்தால் என்ன பதில் சொல்வாள் என்று மகளிடம் கேளுங்கள். அவள் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும், அன்றிரவே போனைப் பறித்து வைத்துவிடாதீர்கள்.