பழைய மடிக்கணினி, புதிய டாக், இருட்டாக நிற்கும் இரண்டு மானிட்டர்கள்

வாசகர் கேள்வி: என்னிடம் 2015ஆம் ஆண்டின் லெனோவோ திங்க்பேட் டி450 மடிக்கணினி இருக்கிறது. கணக்கு வேலைக்காக 24 அங்குல மானிட்டர்கள் இரண்டும், இரண்டு ஹெச்.டி.எம்.ஐ. போர்ட்டுகள் கொண்ட டைப்-சி டாக்கிங் ஸ்டேஷன் (பல கருவிகளை ஒரே செருகலில் மடிக்கணினியோடு இணைக்கும் பெட்டி, சுருக்கமாக ‘டாக்’) ஒன்றும் புதிதாக வாங்கினேன். மடிக்கணினியில் டைப்-சி போர்ட் இல்லாததால், சாதாரண யு.எஸ்.பி.யில் செருகுவதற்கான சிறிய அடாப்டரை நடுவில் சேர்த்தேன். கீபோர்டு, மவுஸ், இணையம் மூன்றும் டாக் வழியாக நன்றாக வேலை செய்கின்றன. மானிட்டர்களோ ‘நோ சிக்னல்’ என்றே காட்டுகின்றன. டாக் பழுதா?

பதில்: பெரும்பாலும் டாக் பழுதாக இருக்காது. கீபோர்டும் இணையமும் வேலை செய்வதே அதற்கு நல்ல சான்று. கோளாறு அந்தச் சிறிய அடாப்டர் இருக்கும் இடத்தில் இருக்கிறது. அதை எத்தனை முறை மாற்றி வாங்கினாலும் பயன் கிடைக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்று விற்கும் டைப்-சி டாக்குகளில் பல, படத்தைத் தாமாக உருவாக்குவதில்லை. மடிக்கணினியின் கிராஃபிக்ஸ் சில்லு உருவாக்கிய ‘டிஸ்ப்ளேபோர்ட்’ என்ற வகைப் பட சிக்னல் டைப்-சி போர்ட்டின் கம்பிகள் வழியாக அப்படியே வெளியே வருகிறது. டாக் அதை வாங்கி மானிட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ‘ஆல்ட் மோட்’ என்று பெயர். டைப்-சி போர்ட்டில் 24 முனைகள் இருப்பதால்தான் தரவுக்கும் படத்துக்கும் தனித்தனிக் கம்பிகளை ஒதுக்க முடிகிறது. உங்கள் மடிக்கணினியின் பழைய யு.எஸ்.பி. 3.0 போர்ட்டில் 9 முனைகளே உள்ளன. அவற்றில் ஒன்றுகூட கிராஃபிக்ஸ் சில்லோடு இணைக்கப்படவில்லை. ஆகவே அந்தப் போர்ட்டில் தரவு மட்டுமே வரும். உள்ளிருந்து வராத படத்தை அடாப்டரால் வரவழைக்க முடியாது.

யு.எஸ்.பி. 3.0 வழியாக மானிட்டரை இயக்கும் டாக்குகளும் இருக்கின்றன. அவை வேறு வகை. அவற்றுக்குள் ‘டிஸ்ப்ளேலிங்க்’ என்னும் தனிச் சில்லு இருக்கும். மடிக்கணினியில் நிறுவப்படும் டிரைவர் மென்பொருள், திரையில் தெரியவேண்டிய படத்தைச் சுருக்கிச் சாதாரணத் தரவாக அனுப்ப, டாக்கில் உள்ள சில்லு அதை விரித்து மீண்டும் படமாக்குகிறது. சுருக்குவது ஏன் தேவை என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 1920×1080 அளவுள்ள ஒரு திரைக்கு, நொடிக்கு 60 படங்கள் வீதம், ஏறத்தாழ 3 கிகாபிட் வேண்டும். இரண்டு திரைகளுக்கு 6. யு.எஸ்.பி. 3.0இன் பெயரளவு வேகமே 5 கிகாபிட்தான்.

அந்தச் சுருக்கும் வேலையை மடிக்கணினியின் பிராசஸர் செய்யவேண்டியிருக்கிறது. கணக்குத் தாள்களுக்கும் மின்னஞ்சலுக்கும் குறை தெரியாது. ஆனால் முழுத்திரையில் வீடியோ ஓடும்போது பழைய இரட்டை மைய பிராசஸர் திணறும். விண்டோஸ் தொடங்கி டிரைவர் இயங்கும் வரை வெளி மானிட்டர்களில் எதுவும் தெரியாது. கட்டண வீடியோ தளங்கள் சில, நகல் பாதுகாப்பின் காரணமாகக் கறுப்புத் திரையைக் காட்டவும் கூடும்.

ஆனால் உங்களுக்கு இன்னொரு டாக் தேவையே இல்லை என்பது என் கருத்து. டி450இல் மினி டிஸ்ப்ளேபோர்ட் ஒன்றும் விஜிஏ என்னும் பழைய வகை மானிட்டர் போர்ட் ஒன்றும் ஏற்கெனவே உள்ளன. அதிலுள்ள ஐந்தாம் தலைமுறை இன்டெல் பிராசஸரின் கிராஃபிக்ஸ், மடிக்கணினியின் சொந்தத் திரையையும் சேர்த்து ஒரே நேரத்தில் மூன்று திரைகளை இயக்கும். (2011ஆம் ஆண்டின் இரண்டாம் தலைமுறை பிராசஸர் கொண்ட மடிக்கணினிகளில் இந்த எல்லை இரண்டுதான், அப்படிப்பட்டதை வைத்திருப்பவர்கள் சொந்தத் திரையை அணைத்துவிட்டால்தான் இரண்டு வெளி மானிட்டர்களுக்கும் இடம் கிடைக்கும்.)

எனவே முதல் மானிட்டருக்கு மினி டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ.க்குச் செல்லும் கேபிள் ஒன்றை வாங்குங்கள். இத்தகைய கேபிள்கள் ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும் என்பதால், ‘மினி டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ.க்கு’ என்று திசையையும் சேர்த்தே கேட்க வேண்டும். இரண்டாவது மானிட்டரில் விஜிஏ போர்ட் இருந்தால் சாதாரண விஜிஏ கேபிளே போதும். பிறகு விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் மூன்று திரைகளும் தனித்தனி இடமாக விரியும். விஜிஏ அனலாக் சிக்னல் என்பதால் அந்தத் திரையில் எழுத்துகள் சற்று மங்கலாகத் தோன்றலாம். மானிட்டரின் மெனுவில் உள்ள ‘ஆட்டோ அட்ஜஸ்ட்’ வசதியை ஒருமுறை இயக்கினால் பெருமளவு சரியாகிவிடும்.

நாள் முழுவதும் சிறிய எண்களையே பார்க்கும் கண்களுக்கு அந்த மங்கலும் வேண்டாம் என்றால், எம்.எஸ்.டி. (MST) ஹப் என்ற சிறிய கருவி இருக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தோடு வந்த இந்த வசதி, ஒரே போர்ட்டிலிருந்து வரும் சிக்னலை இரண்டு தனித்தனித் திரைகளாகப் பிரிக்கிறது; அந்தத் தரத்தின் 17 கிகாபிட் கொள்ளளவில் உங்கள் இரண்டு மானிட்டர்களும் தாராளமாக அடங்கும். இதுபோலவே தோற்றமளிக்கும் ‘ஸ்ப்ளிட்டர்’ என்னும் கருவி ஒரே படத்தைத்தான் இரண்டு மானிட்டர்களிலும் காட்டும். ஆகவே வாங்கும்போது எம்.எஸ்.டி. என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே செருகலில் எல்லாம் இணையவேண்டும் என்ற ஆசையால்தான் டாக் வாங்கியிருப்பீர்கள், நியாயமான ஆசைதான். அதற்கும் உங்கள் மடிக்கணினி வழி வைத்திருக்கிறது. அதன் அடிப்பக்கத்தில் உள்ள நீளமான இணைப்பான், லெனோவோ அந்நாளில் விற்ற திங்க்பேட் ப்ரோ டாக், அல்ட்ரா டாக் ஆகியவற்றுக்காகவே வைக்கப்பட்டது. மடிக்கணினியை மேலே வைத்து அழுத்தினால் மின்சாரம், மானிட்டர்கள், இணையம் அனைத்தும் இணைந்துவிடும். படம் கிராஃபிக்ஸ் சில்லிலிருந்து நேரடியாக வருவதால் பிராசஸருக்கும் சுமை இல்லை. பழைய பொருள் விற்பவர்களிடம் தேடினால், டாக்குக்குரிய மின் அடாப்டரையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

செலவைக் குறைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் பிராசஸர் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. சில ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டியிருக்கும் மடிக்கணினிக்காக விலை உயர்ந்த டிஸ்ப்ளேலிங்க் டாக் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது வாங்கிய டாக்கைத் திருப்பித் தரும் காலம் இன்னும் இருந்தால் திருப்பிவிடுங்கள். காலம் கடந்திருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். அதற்கிடையில் கீபோர்டு, மவுஸ், இணையம் ஆகியவற்றுக்கு இப்போது இருப்பதைப் போலவே பயன்படுத்தலாம். அடுத்த மடிக்கணினியைத் தேர்ந்தெடுக்கும்போது, டைப்-சி போர்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அது படத்தையும் வெளியிடுமா என்று அதன் விவரப் பட்டியலில் பாருங்கள். டைப்-சி போர்ட் இருந்தும் தரவை மட்டுமே அனுப்பும் மாடல்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன.