தரையில் நன்றாக ஓடும் குளோ இன்ஜின், மேலேறும்போது ஏன் நின்றுவிடுகிறது?

பறக்கவிடக் கற்றுக்கொள்ளும் டிரெய்னர் மாடல் விமானத்தில் 46 அளவு குளோ இன்ஜின் (மெத்தனாலில் ஓடும் சின்ன இன்ஜின்), அதாவது 0.46 கன அங்குலம், 7.5 சிசி. தரையில் ஃபுல் த்ராட்டிலில் நன்றாக ஓடுகிறது, மூக்கைத் தூக்கி ஏறினால் நின்றுவிடுகிறது, எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் திருகை எத்தனை சுற்று திறக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நீடிலிலிருந்து கையை எடுங்கள். இந்த மாதத்தில் எப்போதாவது விமானம் மூக்கு குத்தி இறங்கியதா?

எனக்கு அப்படித்தான் ஆனது. சின்ன இடிதான், புரொபெல்லர் மட்டும் உடைந்தது. மாற்றிவிட்டுப் பறக்கவிட்டேன், ஏறும்போதெல்லாம் நின்றது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீடிலோடு போராடினேன். கடைசியில் டேங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பின்பக்கம் கிடக்க வேண்டிய கிளங்க் முன்பக்கம் மடங்கிக் கிடந்தது. கிளங்க் என்பது டேங்குக்குள் சிலிகான் குழாயின் நுனியில் இருக்கும் பித்தளைக் குண்டு. எரிபொருள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தானும் போய் உறிஞ்ச வேண்டியது அதன் வேலை. இடித்த வேகத்தில் அது முன்னால் போய் மாட்டிக்கொண்டது. விமானம் மட்டமாக நிற்கும்போது அங்கேயும் எரிபொருள் இருக்கும், இன்ஜின் ஓடும். மூக்கைத் தூக்கியதும் எரிபொருள் முழுக்கப் பின்னால் போய்விட, குழாய் காற்றைத்தான் உறிஞ்சும்.

அதனால் டேங்கைக் கழற்றிப் பாருங்கள். கிளங்க் எல்லாப் பக்கமும் தடையில்லாமல் ஆட வேண்டும், பின்சுவரைத் தொடக் கூடாது. குழாயில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் இதே தொல்லைதான், சந்தேகம் இருந்தால் புதுக்குழாய் போட்டுவிடுங்கள். சைலென்சரிலிருந்து டேங்குக்கு வரும் பிரஷர் குழாய் கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள். திரும்ப மாட்டும்போது டேங்கின் நடுமட்டம் நீடில் மட்டத்திலோ ஒரு சென்டிமீட்டருக்குள் கீழேயோ இருக்கட்டும். சுற்றிலும் ஸ்பாஞ்ச் வையுங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் எரிபொருள் நுரைத்துக் குமிழி குமிழியாக வரும்.

சரி, இப்போது நீடிலுக்கு வருவோம். இன்ஜினோடு வந்த கையேட்டில் சொன்ன அளவுக்குத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். நன்றாகச் சூடானதும் பிளக்கைச் சூடாக்கும் பேட்டரியை எடுத்துவிட்டு ஃபுல் த்ராட்டில் கொடுங்கள். நீடிலைத் திருப்பும்போது கண்டிப்பாகப் புரொபெல்லருக்குப் பின்னால் நின்றுதான் திருப்ப வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தால் சத்தம் ஏறி ஓர் உச்சத்தைத் தொடும். அங்கே நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று கிளிக் (நீடிலைத் திருப்பும்போது கேட்கும் ஒவ்வொரு ‘டிக்’கும் ஒரு கிளிக்) திரும்பத் திறந்து, வேகம் 200, 300 ஆர்பிஎம் குறையும்படி வையுங்கள், சைலென்சரிலிருந்து வெள்ளைப் புகை தெரிய வேண்டும். இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக வருவதில்லை, மெத்தனாலில் கலந்துதான் வருகிறது. லீனாக, அதாவது எரிபொருளைக் குறைத்து ஓட்டினால் சூடும் ஏறும், ஆயிலும் குறையும், பிஸ்டனும் லைனரும் ஒன்றாகக் கெடும்.

பிறகு நண்பர் ஒருவரை விமானத்தைக் கெட்டியாகப் பிடித்து மூக்கை மேலே தூக்கச் சொல்லுங்கள். பத்து விநாடி அப்படியே ஓடட்டும். சத்தம் மாறாமல் இருந்தாலோ லேசாக ஏறினாலோ சரி. இறங்கினால் இன்னும் லீன், ஒரு கிளிக் திறந்துவிடுங்கள்.

ஐடில், அதாவது மிகக் குறைந்த வேகத்துக்கான திருகை இதற்குப் பிறகுதான் தொட வேண்டும். அரை நிமிடம் ஐடிலில் விட்டு, கார்புரேட்டருக்குப் பக்கத்தில் எரிபொருள் குழாயை விரலால் அழுத்துங்கள். உடனே நின்றால் லீன். நாலைந்து விநாடிக்கு மேல் வேகமெடுத்துக்கொண்டே போய் நின்றால் ரிச், அதாவது எரிபொருள் அதிகம். லேசாக வேகமெடுத்து இரண்டு மூன்று விநாடியில் நின்றால் பொருத்தம். ஒன்றைக் கவனியுங்கள், இரண்டு நீடில் கார்புரேட்டரில் திருகை உள்ளே திருப்பினால் லீன் ஆகும். பக்கவாட்டில் காற்றுத் துளை உள்ள வகையில் உள்ளே திருப்பினால் காற்று குறைந்து ரிச் ஆகும். உங்களுடையது எது என்று பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.

அப்புறம், உச்சி வெயிலில் வைத்த செட்டிங்கோடு மறுநாள் குளிர்ந்த காலையில் அப்படியே பறக்கவிடாதீர்கள். குளிர்காற்று அடர்த்தியானது, அதற்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஒரு கிளிக் திறந்து, மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு விடுங்கள்.