கொண்டைய ராஜுவின் படுதா

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டுப் பூஜையறையில் தாத்தா காலத்து கஜலட்சுமி படம் ஒன்று இருக்கிறது. மூலையில் சி. கொண்டைய ராஜுவின் கையெழுத்து. ஓவியக் கல்லூரியில் படிக்கும் என் மகன், "ரவிவர்மாவைப் பார்த்துப் போட்ட காலண்டர் படம்பா, இதுல ஓவியம்னு சொல்ல ஒண்ணுமில்ல" என்கிறான். உங்கள் கருத்து என்ன?

ர., சாத்தூர்

அன்புள்ள ர.,

மகன் சொல்வதில் பாதி சரி. ரவிவர்மாவின் அச்சுப்படங்கள் வீடுவீடாகப் புகுந்த பிறகு, அவர் சாயலே இல்லாமல் ஒரு லட்சுமியை வரைவது லேசான காரியமல்ல. ஆனால் கொண்டைய ராஜுவிடம் (1898–1976) இன்னொன்றும் கலந்திருக்கிறது. அது நாடகம்.

சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், கொஞ்ச காலம் ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குப் படுதாவில், அதாவது மேடையின் பின்திரையில், சீன் எழுதப் போனார். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது, இவர் அங்கேயே தங்கிவிட்டார். இந்தப் பாணிப் படங்களில் தெய்வத்துக்குப் பின்னால் பாருங்கள்: ஒதுக்கிக் கட்டிய திரை, பளிங்குத் தூண், தாமரைக் குளம், தூரத்தில் நீல மலை. எல்லாம் படுதாவில் எழுதிப் பழகிய கை. தெய்வமும் ராஜபார்ட் மாதிரி சபையைப் பார்த்துத்தான் நிற்கும். நாம் எங்கே நகர்ந்தாலும் கண் நம்மை விடாது. கும்பிடுவதற்கு அதைவிட என்ன வேண்டும்?

குறையும் உண்டு. முகங்கள் எல்லாம் ஒரே அச்சு. வேலை எடுத்துவிட்டு வில்லைக் கொடுத்தால் முருகன் அர்ஜுனனாகிவிடுவார்.

எனக்கு அவரிடம் பெரிதாகப் படுவது ஆசிரியர் வேலைதான். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் என்று சிவகாசி அச்சகங்களுக்குப் படம் போட்ட ஒரு பரம்பரையே அவரிடமிருந்து கிளம்பியது. கூடவே இருந்து, பார்த்து, போட்டுப் பழகியவர்கள். கையெழுத்தை மறைத்துவிட்டால் குரு போட்டதா சீடர் போட்டதா என்று எனக்குப் பல படங்களில் தடுமாற்றம் வரும். உங்கள் மகனின் கல்லூரியில் இதைத் தோல்வி என்பார்கள். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்களே, அங்கே ஆளுக்கொரு கை வேண்டியிருந்தது. கோவில்பட்டிக்கு வேண்டியிருந்தது ஒரே கை. அடுத்த வருஷத்துக் காலண்டருக்கு அச்சகம் கேட்பது போன வருஷம் ஜனங்கள் கும்பிட்ட அதே லட்சுமியை. (இன்றும் சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டின் காலண்டர் மாதிரி ஆல்பத்துக்குப் பூஜை போட்டுவிடுகிறார்கள்.)

ஒரு வேண்டுகோள். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றாதீர்கள், பழைய காகிதம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கிழிந்துவிடும். அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயரோ, காலண்டர் கொடுத்த கடையின் பெயரோ தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.