பாட்டுக் கட்டுகிறவளிடம் கேளுங்கள்

மதுரைக்கு மேற்கே ஒரு ஊரில் இருக்கிறேன். சொந்தமாகப் பாட்டெழுதி மெட்டுப் போட்டு, ஒரு உடுக்கைக்காரரையும் கிட்டார் வாசிக்கும் ஒரு தம்பியையும் சேர்த்துக்கொண்டு பாடுகிறேன். அம்மன் கோயில் பொங்கல், கல்லூரி விழா, கல்யாணம், தொழிற்சங்கக் கூட்டம், யார் கூப்பிட்டாலும் போவேன். சினிமாவில் பாடியதில்லை, எந்தக் கம்பெனியோடும் ஒப்பந்தம் கிடையாது. எனக்குத் தெரிந்ததைக் கேளுங்கள், சொல்கிறேன். ராக ஆராய்ச்சிக்கு ஆள் நான் இல்லை.

தேனியிலிருந்து: அக்கா, உங்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்? விடிகாலையில் எழுந்து சாதகம் (குரல் பயிற்சி) செய்வீர்களா?

விடிகாலையில் எழுந்தால் தண்ணீர் பிடிப்பேன். பாதி நாள் போனிலேயே போய்விடும். விழாக் கமிட்டிக்காரர் தேதி சொல்வார், தொகை கேட்பார், நான் சொன்னதும் "ரெண்டு மணி நேரம் பாட்டுக்கா?" என்று இழுப்பார். அப்புறம் வண்டி பேசணும், உடுக்கைக்காரருக்கு அன்றைக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறதா பார்க்கணும், போன விழாவில் நின்றுபோன பாக்கிக்கு யாரையாவது விரட்டணும். சாதகம் சமையலறையில்தான், சுருதிப்பெட்டி இப்போது போனுக்குள்ளேயே இருக்கிறது. என் சுருதி ஐந்தரைக் கட்டை, அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் அது பழகிவிட்டது. ஆடி மாதம் தூக்கம் இருக்காது. மார்கழியில் சென்னை சபாக்களில் கூட்டம் அலைமோதும்போது எங்களுக்கு ஈயோட்டுகிற நேரம், புதுப் பாட்டு பெரும்பாலும் அப்போதுதான் எழுதுகிறேன்.

கோவையிலிருந்து: வரி முதலா, மெட்டு முதலா?

இந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். எனக்கு முதலில் வருவது தத்தகாரம்தான், தன்னானே தானே என்று வார்த்தையில்லாத ஓட்டம். பேருந்து நின்றபடி உறுமிக்கொண்டிருக்கும் பாருங்கள், அந்த நேரத்தில் வரும். அதைப் போனில் முணுமுணுத்துப் பதிந்துவைப்பேன், பின்னால் கேட்டால் பாதி நடத்துநர் குரலாக இருக்கும். வார்த்தை வேறொரு நாள், வேறொரு இடத்தில் வந்து அதில் உட்காரும். எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வாரியதாகப் பலகை வைத்திருந்தார்கள், போய்ப் பார்த்தால் கருவேலம் அப்படியே நிற்கிறது. அப்போது வந்தது:

வெட்டாத கம்மாயில வெயிலு மட்டும் நெறஞ்சிருக்கு
கட்டாத கரை மேல கணக்கு மட்டும் ஒசந்திருக்கு

"வெட்டாத" வந்த உடனே "கட்டாத" தானாக வந்துவிட்டது, எதுகை பிடித்துக்கொண்டால் அடுத்த வரியைத் தேட வேண்டாம், அது நம்மைத் தேடி வரும். ஆனால் அதில்தான் ஆபத்தும். எதுகைக்காக ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு அதற்கு அர்த்தம் கற்பிக்க ஆரம்பித்தால் பாட்டு செத்துவிடும். "கணக்கு" எதுகைக்காக வந்ததில்லை, பலகையில் தொகையைப் பார்த்ததால் வந்தது. அப்புறம், ஒரு வரியை இரண்டு தடவை பாடுவது பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நடவில் முன்பாட்டுப் பாடுகிற பெண் அந்த இடைவெளியில்தான் அடுத்த வரியைக் கட்டுவாள். சேற்றில் குனிந்தபடி, கையில் நாற்று முடியைப் பிரித்துக்கொண்டே. எனக்கு மேஜை நாற்காலி எல்லாம் இருந்தும் அந்த வேகம் வரமாட்டேன் என்கிறது.

திருவண்ணாமலையிலிருந்து: ஒரு நிகழ்ச்சிக்கு எவ்வளவு வாங்குவீர்கள்?

உங்கள் ஊர் விழாவுக்கென்றால் போனில் பேசலாம். சும்மா தெரிந்துகொள்ள என்றால் வேண்டாம்.

சென்னையிலிருந்து: நான் கிராமியப் பாட்டுதான் பாடுகிறேன். கல்லூரி நிர்வாகம் ஜிஎஸ்டி பில் கேட்கிறது. நான் என்ன செய்வது?

நாட்டுப்புறக் கலையோ செவ்வியல் கலையோ, அந்தக் கலைஞர் நேரடியாக நிகழ்த்துகிறார், ஒரு நிகழ்ச்சிக்கான தொகை 1,50,000 ரூபாயைத் தாண்டவில்லை என்றால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. விளம்பரத் தூதராக நிற்பதற்கு இது பொருந்தாது. அதுபோக, சேவை வருமானம் வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவே தேவையில்லை. பெயர், பான் எண், நிகழ்ச்சி, தேதி, தொகை போட்டு ஒரு ரசீது கொடுங்கள், போதும். டிடிஎஸ் என்று சம்பளத்தில் முன்கூட்டியே வரி பிடித்தால் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பிடித்த பணம் போனது போனதுதான் என்று விட்டுவிடுவோம்.

சேலத்திலிருந்து: என் பாட்டு ரீல்ஸில் ஓடியது. ஒரு கம்பெனி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். அதாவது, இன்றைக்குப் போடாதீர்கள்.

முதலில் எத்தனை வருடம் என்று பாருங்கள். காலம் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் பதிப்புரிமைச் சட்டப்படி 5 வருடம்தான், எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். இது அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று மறக்காமல் எழுதியிருப்பார்கள். அடுத்தது ராயல்டி. 2012-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஒலிப்பதிவிலோ படத்திலோ போகும் பாட்டை எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில் தங்களுக்குச் சேரவேண்டிய பங்கைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அதை வசூலித்துத் தருவதற்கு ஐபிஆர்எஸ் என்கிற சங்கம் இருக்கிறது, எழுதுகிறவர்களும் மெட்டுப் போடுகிறவர்களும் சேரலாம். அட்வான்ஸ் தொகை பெரிதாகத் தெரியும், வாடகை நெருக்கும், எல்லாம் தெரியும். இருந்தாலும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கிற ஃபீஸ் ஒரு சேலை விலைதான்.

விருதுநகரிலிருந்து: ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை கெட்டுவிடுமா?

ஐஸ் தண்ணீரைவிட, மானிட்டர் (நம் குரலை நமக்கே கேட்கவைக்கும் மேடை ஸ்பீக்கர்) இல்லாத மேடையில் கத்துவதுதான் தொண்டையைக் கெடுக்கும். உங்கள் குரல் உங்களுக்கே கேட்கவில்லை என்றால் பாட்டை நிறுத்திவிட்டு சவுண்டுக்காரரைக் கூப்பிடுங்கள், வெட்கப்படாதீர்கள். குரல் கட்டியிருக்கும்போது கிசுகிசுவென்று பேசுவது ஓய்வில்லை, வாயை மூடுவதுதான் ஓய்வு. கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவர். மிளகுப் பாலை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

புதுக்கோட்டையிலிருந்து: நீங்கள் யூடியூபில் போட்டிருக்கும் நடவுப் பாட்டு எங்கள் அம்மாச்சி பாடியது. அப்படியே அதே மெட்டு. அது எப்படி உங்கள் பாட்டு ஆகும்?

என் பாட்டு என்று நான் எங்கே சொன்னேன்? வீடியோவுக்குக் கீழே பாருங்கள், மெட்டு வழிவழியாக வந்தது, முதல் நான்கு கண்ணி (இரண்டு வரிப் பாட்டு) சொல்லிக் கொடுத்தவர் இன்னார், இன்ன ஊர், மீதி நான் கட்டியது என்று இருக்கும். உங்கள் அம்மாச்சியும் அதையே பாடியிருப்பார்கள், வைகையிலிருந்து காவிரி வரை நடவாட்கள் போகாத ஊரா? சட்டத்தைக் கேட்டால், யார் கட்டியது என்றே தெரியாத பழைய பாட்டு யாருக்கும் தனிச் சொத்தில்லை, அதில் புதிதாகச் சேர்த்த வரி சேர்த்தவருக்கு, ஒலிப்பதிவு அதைத் தயாரித்தவருக்கு 60 வருடம்.

மதுரையிலிருந்து: பொதுச் சொத்து என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் பேர் போடுவது எதற்கு? ஊரே பாடியதுதானே?

ஊர் பாடாது. ஒரு ஆள்தான் பாடுவாள், ஊர் வாங்கிப் பாடும். எனக்கு அந்தக் கண்ணிகளைத் தந்த பாட்டி, போனை நீட்டினால் வாயே திறக்கமாட்டார். "போப்பா, எனக்கென்ன தெரியும்" என்பார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு நானும் உட்கார்ந்து கடலை உரிக்க ஆரம்பித்த பிறகு, முறத்தில் தோடு சேரச் சேர, ஒன்று ஒன்றாக வந்தது. நடுவில் ஒரு கண்ணி "இது எங்க அத்தை கட்டினது" என்றார். பார்த்தீர்களா, அவருக்கே கணக்கு இருக்கிறது, எது யாருடையது என்று! நாட்டுப்புற வழக்காறுகளை ஆராய்ந்த நா. வானமாமலை 1960-களில் நாட்டுப் பாடல்களைத் தொகுத்தபோது பாட்டுக்குக் கீழே சேகரித்தவர், இடம் என்று அச்சிட்டார். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் முடிந்தது, போனில் ஒரு வரி தட்ட நமக்குக் கை வலிக்கிறதா?

சிவகங்கையிலிருந்து: சினிமாக்காரன் எடுத்தால் திருட்டு, நீங்கள் எடுத்தால் சேகரிப்பா?

காரமான கேள்வி, சரி. பேர் போடாமல் நான் எடுத்தால் அதுவும் அதேதான். எடுப்பது எனக்குப் பிரச்சினை இல்லை, எடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவதுதான். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, தன் வாழ்நாள் முழுக்கப் பாடிய கும்மியைப் பேத்தியின் சேனலில் போட்டார். மறுநாளே ஒரு இசைக் கம்பெனியின் உரிமைக் கோரல் வந்து நிற்கிறது, ஏனென்றால் ஏதோ ஒரு படத்தில் அந்த மெட்டைப் போட்டிருக்கிறார்கள். பேத்தி ஆட்சேபம் போட்டாள், கோரியவர் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லவில்லை, கோரல் விழுந்தது. உங்களுக்கும் இப்படி வந்தால் பயந்து வீடியோவை நீக்காதீர்கள், ஆட்சேபம் போடுங்கள்.

புதுக்கோட்டையிலிருந்து, மறுபடி: பேர் போட்டால் தீர்ந்ததா? ஒப்பாரியும் பறையும் எங்கள் சனத்தின் மேல் சாதி சுமத்திய வேலை. கூலி நெல்லும் வசவும்தான் கிடைத்தது. இப்போது அதையே குளிரூட்டிய அரங்கில் பாடிக் கைத்தட்டல் வாங்குகிறீர்கள்.

இது மற்ற கேள்விகளைப் போல் இல்லை. நீங்கள் சொல்வது உண்மை, அதனால்தான் இழவு வீட்டில் கேட்ட ஒப்பாரியை நான் மேடையில் பாடுவதில்லை, எவ்வளவு கேட்டாலும். சொந்த ஒப்பாரி இரண்டு எழுதியிருக்கிறேன், அதை மட்டும் பாடுவேன். பாட்டி தந்த நடவுப் பாட்டின் யூடியூப் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர் வீட்டுக்குப் போகிறது, தொகை சொற்பம், ஆனாலும் போகிறது. பறையையே எடுத்துக்கொள்ளுங்கள், இழவுக்கு அடிக்கமாட்டோம் என்று பலர் கீழே வைத்ததும் உண்டு, அதையே பெருமையாகக் கையில் எடுத்து அடித்தவர்களும் உண்டு. 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கீழே வைப்பதா, கையில் எடுப்பதா என்ற முடிவை அடித்தவர்கள்தான் எடுக்க முடியும், நானில்லை. ஆனால் "அந்தச் சனம் தவிர யாரும் பாடக்கூடாது" என்று நீங்கள் சொல்ல வருகிறீர்கள் என்றால் அங்கே எனக்கு ஒப்பவில்லை.

புதுக்கோட்டையிலிருந்து: பாடக்கூடாது என்று சொல்லவில்லை. மேடைக்கு அவர்களையும் கூப்பிடுங்கள் என்கிறேன்.

அதற்கு நான் தயார். கமிட்டிக்காரர் "இன்னும் இரண்டு பேருக்குச் சாப்பாடா?" என்று கேட்பார், அந்தச் சண்டையை நான் போடுகிறேன்.

ஈரோட்டிலிருந்து: எனக்கு 42 வயது. இனிமேல் ஆரம்பிக்கலாமா?

நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா சினிமா மூலம் நாடறிய வந்தது 2003-இல், அப்போதே அவர் பாட்டி. ஆரம்பியுங்கள். 60 வயது ஆவதற்குள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தும் வையுங்கள்.

கரூரிலிருந்து: மழைக்காலத்தில் உடுக்கைத் தோல் தளர்ந்துவிடுகிறது. பறை மாதிரி வைக்கோல் தீயில் காட்டலாமா?

வேண்டாம், அந்தத் தோல் மெல்லியது, பொசுங்கிவிடும். எங்கள் உடுக்கைக்காரர் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொள்வார். மேற்கொண்டு விவரத்தை வாசிக்கிற ஆளிடம் கேளுங்கள்.

கடலூரிலிருந்து: இரவு 10 மணிக்கு போலீஸ் மைக்கை நிறுத்தச் சொல்கிறார்கள். திருவிழாவுக்குக்கூடவா?

ஆமாம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலத்தில் நள்ளிரவு வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக்கூடாது. கமிட்டிக்காரர் "அதெல்லாம் பேசியாச்சு" என்றால் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். அத்தனை பேச்சாளர்களும் பேசி முடித்து ஒன்பதே முக்காலுக்கு நம்மை மேடையேற்றிவிட்டு, மைக் நின்றதும் பாதிச் சம்பளம் என்பார்கள். எத்தனை மணிக்கு மேடை என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

திருப்பூரிலிருந்து: டிவி போட்டியில் பாட நல்ல நாட்டுப்புறப் பாட்டு ஒன்று சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். தேர்வானால் கொடுக்கிற படிவத்தில் குரல், பாட்டு, முகம் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டிருப்பார்கள், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாமக்கல்லிலிருந்து: ஒரு கம்பெனி என் பாட்டைக் கேட்கிறது, கையெழுத்துப் போடலாமா?

சேலத்துக்காரருக்கு மேலே சொல்லியிருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து: அக்கா, ஒரு ஆடியோ நிறுவனம் 5,000 ரூபாய் தருவதாகச் சொல்லி என் தாலாட்டை...

தம்பி, மேலே போய்ப் படியுங்கள், அதற்குத்தான் மூச்சுப் பிடித்து எழுதினேன். படித்துவிட்டு உங்கள் தாளில் எத்தனை வருடம், எந்தெந்த நாடு, ராயல்டி என்ற வார்த்தை இருக்கிறதா, இந்த மூன்றை மட்டும் சொல்லுங்கள். மீதியை நாளைக்குப் பேசலாம், இன்றைக்கு உசிலம்பட்டியில் ஏழரைக்கு மேடை.