மின்கட்டணம் குறைந்தது, நகை ஏன் இன்னும் வங்கியில்?

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். நான் தனியார் பள்ளி ஆசிரியை, கணவர் சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 42,000 ரூபாய் வரும். இரண்டு வருடமாகக் கரண்டும் தண்ணீரும் மிச்சம் பிடிக்கிறோம். பழைய பிரிட்ஜை மாற்றினோம். கரண்ட் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி ஃபேன் நாலு, தண்ணீர் குறைவாக எடுக்கும் வாஷிங் மெஷின், குடிநீரைச் சுத்தம் செய்யும் ஆர்ஓ எல்லாம் வாங்கினோம். டேங்க் நிறைந்தால் கத்தும் அலாரமும் வைத்தோம். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் வந்த இடத்தில் இப்போது 380தான். ஆனால் கையில் காசு நிற்கவில்லை. தவணை மட்டும் மாதம் 4,600. அதைக் கட்ட முடியாமல் வைத்த நகைக்கடன் 80,000, வட்டி மட்டும் கட்டி இரண்டு முறை திருப்பி வைத்தாயிற்று. இப்போது கொழுந்தன் ஒரு சோலார் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். "மைனி, நம்ம வீட்டுலயே போடலைன்னா ஊர்ல யாரு போடுவா?" என்கிறார். 3 கிலோவாட், 2 லட்சம் ஆகுமாம், 78,000 மானியம் வருமாம். அம்மா போட்ட 5 பவுன் மிச்சம் இருக்கிறது. அதை வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம். அந்த 5 பவுன் பீரோவிலேயே இருக்கட்டும்.

லைட்டை அணையுங்கள், குழாயை மூடுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 220 யூனிட் குறைத்த வீடு அது. உங்கள் சிக்கல் கரண்டில் இல்லை. மிச்சம் பிடிப்பதற்காகவே கடன் வாங்கும் பழக்கம் வந்துவிட்டது, அதுதான் சிக்கல்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். 600 யூனிட்டுக்கு நீங்கள் கட்டியது 2,900 ரூபாய் அளவில் இருந்திருக்கும். 380 யூனிட்டுக்கு 1,100க்குள் வரும். மாதத்துக்கு 900 ரூபாய் மிச்சம். நல்ல சாதனைதான். ஆனால் அந்த 900க்காக மாதம் 4,600 தவணையும், நகைக்கடனுக்கு 9 சதவீதம் என்று வைத்தால் 600 ரூபாய் வட்டியும் போகிறது. "வட்டியில்லாத் தவணை" என்று கடையில் சொல்லியிருப்பார்கள். அப்படி ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியை இழப்பதும் வட்டிதான்.

எந்தச் செலவு எவ்வளவு மிச்சம் தந்தது என்று பாருங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் ஒரு யூனிட். முன்பெல்லாம் டேங்க் நிறைந்து, தண்ணீர் சன்ஷேடில் வழிந்து, முற்றம் நனைந்த பிறகுதானே யாராவது ஓடிப்போய் சுவிட்சை அணைத்திருப்பீர்கள்? அப்படித் தினம் ஒரு மணி நேரம் வீணாக ஓடியிருந்தால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். சில நூறு ரூபாய் அலாரம் அதை நிறுத்திவிட்டது, கிணற்றுத் தண்ணீரும் மிச்சம். 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு மேலே உள்ள யூனிட் ஒவ்வொன்றும் எட்டு ரூபாய்க்கு மேல். ஆகவே அந்த 60 யூனிட்டே 500 ரூபாய் பெறும். கடன் இல்லாமல் செய்த ஒரே வேலை அது, போட்ட காசுக்குப் பலனும் அதில்தான் அதிகம்.

அப்புறம் சோலார். நான் அதற்கு எதிரி இல்லை. ஏசி ஓடி 1,000 யூனிட் வரும் வீட்டில், கையில் பணமும் இருந்தால், நானே போடச் சொல்வேன். 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் என்று உங்கள் கொழுந்தன் சொல்வதும் சரி. ஆனால் அது பேனல் போட்டு முடித்த பிறகு கணக்கில் வரும் பணம். அதுவரை 2 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் மாதம் 1,500 வட்டி. மானியத்தை அப்படியே கடனில் கட்டினாலும் மிச்சம் 1,22,000, வட்டி 915 ரூபாய். இந்தத் திட்டத்துக்கென வங்கிகள் தரும் கடனை வாங்கி, 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 610. எல்லாம் வட்டி மட்டும், அசல் தனி.

உங்கள் வீட்டுக் கரண்ட் பில் இப்போது மாதம் எவ்வளவு? 550 ரூபாய் அளவில். சோலார் அதை முழுசாகத் துடைத்தாலும் வட்டிக்கே பற்றாது.

காரணம் இதுதான். விலை கூடிய யூனிட்களை நீங்கள் ஏற்கெனவே வெட்டிவிட்டீர்கள். முதல் 100 இலவசம், அடுத்த 100 இரண்டரை ரூபாய்க்குள், அதற்கு மேல் உங்கள் 380 வரை ஐந்துக்குள். சோலார் இனி வெட்டப்போவது இந்த மலிவு யூனிட்களைத்தான். போதாததற்கு நம் குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. வெயிலை நம்பிப் போடும் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.

கொழுந்தனிடம் நேராகச் சொல்லுங்கள்: "தம்பி, நகைக்கடன் தீரட்டும், அப்புறம் பேசுவோம்." உங்கள் கணவர் சொன்னால் இன்னும் நல்லது, அண்ணன் வாயால் வரட்டும். வருத்தப்படுவார், ஓணத்துக்குள் சரியாகிவிடும். சொந்தக்காரர் முதல் வாடிக்கையாளர் ஆகித்தான் தீர வேண்டும் என்று எந்தக் கம்பெனி கேட்டாலும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆர்ஓ பற்றி ஒரு வார்த்தை. வீட்டு ஆர்ஓ பல, ஒரு லிட்டர் தர இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். தண்ணீர் மிச்சம் பிடிக்கும் வீட்டுக்குள் அது எப்படி வந்தது? கடலோரத்தில் கிணறு உவர்ப்பாக இருந்தால் சரி. தக்கலைப் பக்கம் பல கிணறுகள் நல்ல தண்ணீர். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்து, வேறு குறையும் இல்லை என்றால், கொதிக்கவைத்துக் குடித்தால் போதும். வருடாந்தர சர்வீஸ் பணம் மிஞ்சும்.

இனி நகைக்கடன். அடுத்த முறை திருப்பி வைக்கும்போது ஒரே கடனாக வைக்காதீர்கள். நகையைப் பிரித்து 25,000, 55,000 என்று இரண்டு கடனாகக் கேளுங்கள். கரண்டில் மிஞ்சும் 900ஐ மாதாமாதம் சின்னக் கடனின் அசலில் கட்டுங்கள். தவணைகளில் எது முதலில் முடிகிறதோ, அந்தத் தொகையும் அன்றே அங்கே திரும்பட்டும். 1,100 ரூபாய்த் தவணை ஒன்று முடிந்தால் மாதம் 2,000 ஆகிறது. அதிலிருந்து ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முதல் நகை வீட்டுக்கு வந்துவிடும். அதுவரை எந்தக் கடையிலும் தவணை அட்டையில் கையெழுத்துப் போடாதீர்கள்.