காலடிப்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு கஃபே ரேசர் ஒத்துவருமா?

கேள்வி: காலடிப்பேட்டையில் வசிக்கிறேன். வயது 23, உயரம் 5 அடி 5 அங்குலம். இரண்டு ஆண்டுகளாக அப்பாவின் 100 சிசி வண்டியை ஓட்டிவருகிறேன். வேலை பாரிமுனையில். கஃபே ரேசர் மீது நெடுநாள் ஆசை. ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650 வாங்கலாமா, டிரையம்ஃப் த்ரக்ஸ்டன் 400 போதுமா? பழைய 350 சிசி வண்டியை வாங்கிப் பட்டறையில் கஃபே ரேசராக மாற்றினால் செலவு குறையும் என்கிறார்கள் நண்பர்கள். எது சரி?

பதில்: தம்பி, மூன்றாவது யோசனையை இப்போதே மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். மற்ற இரண்டில் உங்களுக்கு த்ரக்ஸ்டன் 400தான். அதுவும் அப்பாவின் வண்டி வீட்டில் இருக்கும்வரைதான். அதை விற்றுவிட்டு இதை வாங்கப் போகிறீர்கள் என்றால் என் பதிலே மாறிவிடும்.

டேங்கின் வடிவத்தையும் வட்ட விளக்கையும் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். ஆனால் கஃபே ரேசர் என்பது ஓட்டுபவர் உட்காரும் விதம். 1950, 60களில் லண்டனின் வடக்குச் சுற்றுச்சாலையில் உள்ள ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய இளைஞர்கள், மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று தங்கள் வண்டிகளில் பாரமாக இருந்ததையெல்லாம் கழற்றினார்கள். ஹேண்டில்பாரை இறக்கினார்கள், ஃபுட்ரெஸ்டைப் பின்னால் தள்ளினார்கள். குனிந்து போனால் காற்றின் தடை குறையும். அந்த வேகத்தில் எதிர்க்காற்றே நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும், கைகளுக்குப் பாரம் தெரியாது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில், 1980களின் தொடக்கத்தில், என் அண்ணன் என்னை அங்கே அழைத்துப்போவார். டேங்கின் மீது மோவாய் படியக் குனிந்து வந்தவர்களை இன்றும் மறக்கவில்லை. அந்த நீண்ட நேர்ப்பாதைக்கு அந்தக் குனிவு அழகாகப் பொருந்தியது.

உங்கள் பாதை தண்டையார்பேட்டை, ராயபுரம் வழியாகப் போகிறது. காலை ஒன்பது மணிக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டர் வேகம் கிடைத்தாலே நல்ல நாள். அந்த வேகத்தில் காற்று உங்களைத் தாங்காது. மேலுடம்பின் பாரம் உள்ளங்கையின் அடியில் இறங்கும். கால்மணி நேரத்தில் கட்டைவிரலைச் சுற்றி மரத்துப்போகத் தொடங்கும். அதே இடக்கைதான் கிளட்சையும் ஓயாமல் பிடித்து விட வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் வலி பொறுக்காமல் முழங்கைகளை விறைப்பாக நீட்டிவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முழங்கை விறைத்தால் ஹேண்டில்பார் நினைத்தபடி திரும்பாது. குழியில் சக்கரம் இறங்கினால் அதிர்ச்சி நேராகத் தோளுக்கு ஏறும், அந்த அசைவில் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து திருகும். இரு தொடைகளாலும் டேங்கைக் கவ்விக்கொண்டு, இடுப்பாலும் முதுகாலும் உடம்பைத் தாங்கி, முழங்கைகளைத் தளர்வாக விடுவதுதான் சரியான முறை. அது உடம்பில் ஊற சில மாதங்கள் ஆகும்.

ஹேண்டில்பார் தாழ்ந்திருக்கும்போது வண்டியை முழுவதுமாகத் திருப்புவதும் சிரமம். கைப்பிடியும் டேங்கும் நெருங்கிவிடும். நெரிசலில் ஒரே வளைப்பில் திரும்ப முயன்று, பாதியில் வேகம் செத்து, காலை ஊன்றுவதற்குள் வண்டியைச் சாய்த்தவர்கள் என் பட்டறைக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். வேகமாகப் போய் விழுந்தவர்களைவிட நின்ற இடத்தில் விழுந்தவர்களே அதிகம்.

இங்கேதான் எடை முக்கியமாகிறது. அப்பாவின் 100 சிசி வண்டி சுமார் 110 கிலோ இருக்கும். த்ரக்ஸ்டன் 400 எடை 183 கிலோ. ஜிடி 650 எடை 210 கிலோவுக்கும் மேல், ஏறக்குறைய அப்பாவின் வண்டி இரண்டைச் சேர்த்தது போல. சாயத் தொடங்கினால் உங்கள் ஒற்றைக் கால் அதைத் தாங்காது. சக்தியும் அப்படித்தான். நீங்கள் இப்போது ஓட்டுவது சுமார் 8 குதிரைத்திறன், ஜிடி 650 தருவது 47. நம் ஊரில் கியர் வண்டிக்கு ஒரே உரிமம்தான், அதை வாங்கிய மறுநாளே 650 சிசி ஓட்டினாலும் சட்டம் தடுக்காது. ஐரோப்பாவில் அப்படியில்லை. அங்கே 16 வயதில் 125 சிசி, 18 வயதில் 35 கிலோவாட் (சுமார் 47 குதிரைத்திறன்) வரை, அதன்பிறகே எதையும் ஓட்டலாம் என்று படிகள் வைத்திருக்கிறார்கள். ஜிடி 650 சரியாக அந்த இரண்டாம் படியின் உச்சத்தில் நிற்கிறது. நமக்குச் சட்டம் வைக்காத படியை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜிடி 650 மோசமான வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். 648 சிசி இரட்டை சிலிண்டர் என்ஜின் அவ்வளவு பதமாக இழுக்கும். இன்னொரு உறவும் இருக்கிறது. என்ஃபீல்டு இந்தியா 1955இல் தொடங்கிய தொழிற்சாலை உங்கள் திருவொற்றியூரில்தான். அந்தப் பெயர் பொறித்த கஃபே ரேசர் மீது அந்த ஊர்ப் பிள்ளைக்கு ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வாங்குங்கள், அப்போது அதை முழுதாக அனுபவிப்பீர்கள்.

த்ரக்ஸ்டன் 400 வாங்கினால் 398 சிசி, 42 குதிரைத்திறன். அதுவும் குறைவில்லை, மரியாதையோடு கையாள வேண்டிய வண்டிதான். ஆனால் எடை உங்கள் கைக்குள் அடங்கும். அதன் கண்ணாடிகள் கைப்பிடியின் நுனியில் இருப்பதால் பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் வண்டி நீங்கள் நினைப்பதைவிட அகலமாக இருக்கும், அதை மறக்க வேண்டாம். வார நாட்களில் அப்பாவின் வண்டியிலேயே வேலைக்குப் போங்கள். ஞாயிறு விடியற்காலையில் த்ரக்ஸ்டனை எடுங்கள்.

ஒரே வண்டிதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் கஃபே ரேசரே வேண்டாம். அதே 398 சிசி என்ஜின் குடும்பத்தில் நிமிர்ந்து உட்காரும் டிரையம்ஃப் ஸ்பீடு 400 இருக்கிறது. அல்லது ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350. 349 சிசி, 181 கிலோ, இருக்கை உயரம் 790 மில்லிமீட்டர், உங்கள் உயரத்துக்குப் பாதம் நன்றாகவே ஊன்றும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். அந்த வித்தியாசத்தில் நல்ல ஹெல்மெட்டும் கையுறையும் வாங்கலாம்.

இனி மாற்றியமைக்கும் யோசனை. சென்ற ஆண்டு ஒரு பையன் பழைய 350 சிசி வண்டியைக் கொண்டுவந்தான். எங்கேயோ ஒரு பட்டறையில் ஹேண்டில்பாரை இறக்கிக் கொடுத்திருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் விட்டு ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுவதும் திருப்பினேன். நான் ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை, என்ஜின் உறுமத் தொடங்கியது. ஹேண்டில்பார் இறங்கியபோது கேபிளின் பாதையை யாரும் சரிசெய்யவில்லை, திருப்பும்போதெல்லாம் கேபிள் இழுபட்டு ஆக்சிலரேட்டர் தானாகத் திறந்திருக்கிறது. வலப்பக்கம் திருப்பினால் முன்பிரேக்கின் குழாய், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் நசுங்கியது. அந்த வண்டியில்தான் அவன் ஒரு மாதமாகத் தங்கையைக் கல்லூரியில் விட்டுக்கொண்டிருந்தான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் இருக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதையே காரணமாகக் காட்டும். பழைய வண்டியில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லாமலும் இருக்கலாம்.

எண்ணூர் விரைவுச்சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் குனிந்தபடி போனால் தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலிக்கும், ஓட்டுநரின் கண்ணுக்கும் நீங்கள் தட்டுப்பட மாட்டீர்கள். கடற்கரை ஓரத்தில் மணல் படிந்த இடங்களில் முன்பிரேக்கை அழுத்தினால் டயர் பிடிக்காது. மணலில் ஏபிஎஸ் இருந்தும் பெரிய பயன் இல்லை, முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பதுதான் வழி. உப்புக்காற்று குரோம் பூச்சையும் சங்கிலியையும் அரிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போடுங்கள். ஆணிப் பஞ்சருக்குப் பயந்தாக வேண்டிய சாலை என்பதால் டியூப்லெஸ் டயர் உள்ள வண்டியாகவே எடுங்கள்.

ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முன்பணம் கட்டாதீர்கள். என்ஜினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே காலால் உந்தி வண்டியைப் பத்தடி பின்னால் நகர்த்துங்கள். இறங்கி நின்று, தள்ளிக்கொண்டே முழு வட்டம் திருப்புங்கள். அதன்பிறகு மாலை ஆறரை மணி நெரிசலில் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.